வோக்கி வாங்க வருகிறவர்களுக்கு

ஐப்பசி மழை இறங்கத் தொடங்கினால் என் திருத்துமேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பலர் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "வீட்டுக்கு ரெண்டு வோக்கி எடுக்கப்போறன், எந்தச் சாமான் நல்லது?" நான் சாமானைப் பற்றிப் பேசுவதில்லை. "ஆர் ஆரோட கதைக்கப் போறீங்க? எங்க நிண்டு கதைப்பீங்க?" என்று கேட்பேன். சிலருக்குச் சலிப்பு வரும். கொம்பனிப் பெயரும் விலையும் சொன்னால் போதாதா என்று பார்ப்பார்கள். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராமல் செற் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். பெட்டி பிரிக்காத புதுச் செற் அலுமாரியில் இருக்க, வெள்ளம் வந்த இரவில் அவர்கள் கரையில் நின்று கூப்பிட்டார்கள்.

மட்டக்களப்பு வாவி தெற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வீடு களுவாஞ்சிகுடியில், வயல் வெல்லாவெளிப் பக்கம். பிள்ளைகள் பட்டணத்தில் படிக்க, தாய் தகப்பன் கொக்கட்டிச்சோலையில். இப்படி இரண்டு கரையிலும் கால் வைத்து வாழும் குடும்பங்கள்தான் இங்கே அதிகம். கல்லடியில் 2013இலும் மண்முனையில் 2014இலும் புதுப் பாலங்கள் வந்தபிறகு கரைகள் நெருங்கிவிட்டன. ஆனால் அடைமழையில் மண்டூர் – வெல்லாவெளி வீதி நீருக்குள் போய்விடும். கிரானில் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் அப்பால் இருக்கும் கிராமங்களுக்குத் தோணிதான். காற்று மிஞ்சினால் குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகும் ஓடாது. அன்றைக்கு இரண்டு கரைக்கும் நடுவே தண்ணீர் மட்டும்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் வானொலி அலைக்குத் தடையே இல்லை. அதற்குமேல் ஒரு மரம்கூட இல்லை என்பதால் நல்ல வழி என்றே சொல்வேன்.

இந்தத் தொழிலை நான் கற்றது ஆழிப்பேரலைக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. எங்கள் கரையில் கடல் ஏறியபோது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கடந்திருந்தது. நாவலடியிலும் டச்பாரிலும் திருச்செந்தூரிலும் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அலைக்குப் பிறகு யார் எந்த முகாமில், யார் உயிரோடு என்று தெரியாமல் சனம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தேடித் திரிந்தது. அந்த மாதங்களில் பட்டணத்துக்கு வந்த நிவாரண நிறுவனங்களில் ஒன்றின் ரேடியோ அறையில் எனக்கு வேலை கிடைத்தது. கையில் பிடிக்கும் வீ.எச்.எஃப் செற், வாகனங்களில் நீண்ட தூரத்துக்கான எச்.எஃப் செற், கூரையில் அன்ரனா, சுவரில் வரைபடம். காலையும் மாலையும் வெளியே போன ஒவ்வொரு வாகனத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்தால் பலகையில் குறிப்போம். வராவிட்டால் வரும்வரை கூப்பிடுவோம். அங்கே யாரும் "எந்தச் செற் நல்லது" என்று கேட்டதில்லை. நேரத்துக்குப் பதில் வருகிறதா என்பது மட்டும்தான் பேச்சு.

அதே நாட்களில் விக்டர் குணதிலக்க தலைமையில் இலங்கை அமெச்சூர் வானொலிக்காரர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். போர்ட் பிளேயரில் வேறொரு வானொலி முயற்சிக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண், அந்தமானின் செய்திகளை வெளியே கொண்டுவந்தார். ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் அலை வந்தபிறகு கடைக்கு ஓடிச் செற் வாங்கியவர்கள் அல்ல. அனுமதிப்பத்திரம், பழக்கம், கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள், மூன்றும் முன்பே இருந்தன.

"கைபேசி இருக்கே, வோக்கி எதுக்கு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு டவரில் கரண்ட் போனால் பெற்றரி சில மணித்தியாலம் தாங்கும். பிறகு ஜெனரேற்றருக்கு டீசல் கொண்டுபோக வீதி வேண்டும். அந்த வீதிதான் வெள்ளத்துக்குள் கிடக்கிறது. டவர் உயிரோடு இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் அழைத்தால் அழைப்பு ஏறாது. அப்போதும் குறுஞ்செய்தி சில வேளை நழுவிப் போய்விடும், அதை முதலில் முயற்சி செய்யுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். இயற்கை மட்டும்தான் காரணமாக இருக்கும் என்றுமில்லை. 2019 ஏப்ரல் 21 காலை எங்கள் பட்டணத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபிறகு, அரசாங்கம் வட்ஸ்அப்பையும் முகநூலையும் நாடு முழுக்க நிறுத்தியது. பல வீடுகளில் தொடர்பு என்று இருந்ததே வட்ஸ்அப் குழு ஒன்றுதான். அன்று வைத்தியசாலை வாசலில் நின்றவர்களின் முகங்களை நான் பார்த்தேன். உறவினரின் தொலைபேசி இலக்கம்கூடப் பலருக்கு மனப்பாடமில்லை.

இந்தப் பயத்தைக் காசாக்கும் ஒரு சாமான் இப்போது சந்தையில் இருக்கிறது. உருவம் வோக்கி. பெட்டியில் "5000 கிலோமீற்றர்" என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் சிம் அட்டை போடும் துளை. அது வோக்கியின் சட்டை போட்ட கைபேசி. டவர் விழுந்தால் அதுவும் விழும். பஸ் கொம்பனிக்கும் காவல் நிறுவனத்துக்கும் அது நல்ல கருவிதான், மறுக்கவில்லை. புயல் இரவுக்கென்று அதை வாங்கி வைப்பது குடும்பத்தை ஏமாற்றுவது. கைபேசியில் இறக்கிக்கொள்ளும் வோக்கிச் செயலிகளுக்கும் இதே கதைதான். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இரண்டு செற்றுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லாமல் இது பேசுமா?

அடுத்தது சட்டம். இதைச் சொல்லும்போது வந்தவர்களில் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள், ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அலை வீசும் கருவியை வைத்திருப்பதற்கும் பாவிப்பதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். விற்பதற்கும் வெளியிலிருந்து கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும். அதனால் நான் செற் விற்பதில்லை. திருத்துவதும் அன்ரனா பொருத்துவதும்தான் என் வேலை. சாமான் வேண்டுமென்றால் அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் அனுப்பிவிடுவேன். எங்கள் மாவட்டத்தில் இது வெறும் காகிதச் சட்டம் அல்ல. யுத்த காலத்தில் ஒரு வோக்கியோடு பிடிபட்டவன் வீடு திரும்பவில்லை என்ற கதை ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஐம்பது தாண்டியவர்கள் என் மேசையில் கிடக்கும் செற்றைத் தொடவே தயங்குவார்கள். அவர்களிடம் எழுத்தில் ஒரு அனுமதி இருந்தால்தான் அந்தக் கருவி ஆபத்து நேரத்தில் துணிச்சலாக வெளியே வரும்.

சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர் சோடியாகச் சின்னச் செற்றுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஐரோப்பாவில் 446 மெகாஹேர்ட்ஸில் அரை வாட் சக்தியோடு வேலை செய்யும் அவற்றுக்கு அங்கே அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருபவை 462, 467 மெகாஹேர்ட்ஸ் பக்கம். அங்கே அனுமதி வேண்டாம் என்பதால் இங்கும் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு நாடும் தன் அலைவரிசைகளைத் தன் கணக்கில் பங்கிட்டிருக்கிறது. மருமகன் பாசத்தோடு கொண்டுவந்த சாமானைக் குறை சொல்ல மனம் வராது. "ஆணைக்குழுவிடம் மாதிரி இலக்கத்தைச் சொல்லி எழுதிக் கேளுங்க, மறுகா பட்டனை அமத்துங்க" என்றுதான் சொல்வேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, விசைப்பலகையில் எந்த அலைவரிசையையும் அடித்துக்கொள்ளக்கூடிய மலிவான இரட்டைப்பட்டைச் செற்றுகள். பாவோஃபெங் யூவி-5ஆர் என்ற பெயர் இளைஞர்களுக்கெல்லாம் மனப்பாடம். அனுமதி பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர் கையில் அது கெட்டிக்காரக் கருவி. ஒரு வீட்டில், பத்து வயதுப் பிள்ளை இலக்கங்களை விளையாட்டாக அமத்தி பொலிசாரின் அலைவரிசையிலோ கப்பல்கள் ஆபத்துக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும் 156.8 மெகாஹேர்ட்ஸிலோ போய் நின்றால் என்ன ஆகும்? குடும்பத்துக்கு வேண்டியது விசைப்பலகையே இல்லாத செற். அனுமதிக்கப்பட்ட அலைவரிசையைக் கணினியால் உள்ளே எழுதிப் பூட்டிவிட வேண்டும். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு பட்டன். அவ்வளவு போதும்.

இனித் தூரம். பெட்டியில் எழுதியிருக்கும் கிலோமீற்றரை நம்பாதீர்கள். அது ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு மலை உச்சிக்கு. நம்மிடம் மலை இல்லை. பூமி வளைந்திருப்பதால், தரையில் நிற்கும் ஒருவர் ஒன்றரை மீற்றர் உயரத்தில் பிடித்த செற்றும் அதேபோல இன்னொருவருடையதும் கணக்குப்படி 10 கிலோமீற்றர் வரைதான் ஒன்றையொன்று காணும். அது எதுவும் குறுக்கே இல்லாத ஏட்டுக்கணக்கு. வாவிக்கரையில் நின்று நேர் எதிர்க்கரைக்குக் கதைத்தால் நாலைந்து கிலோமீற்றர் தெளிவாகக் கேட்கும். வாவியின் அகலம் எங்கும் அதைப் பெரிதாக மிஞ்சாது என்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் ஆரையம்பதி, காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊரில், மதிலும் மாடியும் தென்னையும் நிற்கும் ஒழுங்கைக்குள் இருந்து கதைத்தால் ஒன்று ஒன்றரைக் கிலோமீற்றரிலேயே இரைச்சல் தொடங்கிவிடும்.

ஆகவே காசை வாட்டில் போடாதீர்கள், உயரத்தில் போடுங்கள். ஒருவர் ஆறு மீற்றர் உயரத் தட்டில் ஏறி நின்றால் அதே ஏட்டுக்கணக்கு 15 கிலோமீற்றரைத் தொடுகிறது. ஐந்து வாட்டைப் பத்தாக்கினால் பூமியின் வளைவு நிமிராது, பெற்றரி மட்டும் வேகமாகச் சாகும். என் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் வீட்டுக்குப் பக்கத்தில் ஏறக்கூடிய உயரம் எது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பள்ளிக்கூட மாடி, கோயில் மண்டபத்துத் தட்டு, தண்ணீர்த் தாங்கி, குளக்கட்டு. உன்னிச்சைக் குளக்கட்டில் நின்று ஒருமுறை சோதித்தபோது வயல்வெளி முழுவதும் எங்கள் குரலுக்குத் திறந்து கிடந்தது. கட்டிலிருந்து இறங்கி மரமுந்திரிகைத் தோட்டத்துக்குள் போனதும் அதே செற் ஊமையாகிவிட்டது.

வீ.எச்.எஃப், யூ.எச்.எஃப் இரண்டில் எது என்றும் கேட்பார்கள். 150 மெகாஹேர்ட்ஸ் பக்கமுள்ள வீ.எச்.எஃப் வயலிலும் வாவியிலும் ஈர இலைகளுக்கு நடுவிலும் நன்றாகப் போகும். 450 பக்கமுள்ள யூ.எச்.எஃப் கொங்கிறீற் சுவர்களுக்குள் யன்னல் வழியாக நுழைந்து வெளியே வரும். படுவான்கரைக்கு முதலாவது, பட்டணத்துக்கு இரண்டாவது என்பது என் கைப்பழக்கம். ஆணைக்குழு எதை ஒதுக்குகிறதோ அதுதான் முடிவு. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அழகுக்காக அன்ரனாவைக் கட்டையாக்கிய வீ.எச்.எஃப் செற்றை வாங்கக்கூடாது. அந்த அலைக்குப் பொருத்தமான கால்அலை அன்ரனா அரை மீற்றர் நீளம். அதை விரல் நீளத்துக்குச் சுருட்டினால் சக்தியில் பெரும்பகுதி வீண். கூரையில் அன்ரனா கட்டுபவர்கள் மெல்லிய வயரை இழுக்கக்கூடாது. யூ.எச்.எஃப்பில் பத்து மீற்றர் மெல்லிய வயருக்குள்ளேயே பாதிச் சக்தி தொலைந்துவிடும். ஐப்பசியிலும் சித்திரையிலும் இடிமுழக்கம் கேட்டால் அந்த வயரைக் கழற்றி வெளியே போட வேண்டும்.

வீட்டில் யாருக்கு இந்தக் கருவி மிகவும் தேவைப்படும்? பகல் முழுக்கத் தனியாக இருப்பவருக்கு. இங்கே அது பெரும்பாலும் அம்மம்மா. ஆகவே தெரிவு செய்யும்போது அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன். வாதம் பிடித்த விரலால் பட்டனை அமத்திப் பிடிக்க முடிகிறதா, ஒலிபெருக்கி அவர் காதுக்கு எட்டுகிறதா, திருகு தவறுதலாகச் சுழலாமல் இறுக்கமாக இருக்கிறதா? களுதாவளையிலிருந்து வந்த ஒரு அம்மம்மா நான் மாதிரிக்குப் பெருமையாக நீட்டிய செற்றைத் திருப்பித் தந்துவிட்டார். "மனே, இதில எழுத்துத் தெரியுது, பட்டன் தெரியல்ல" என்றார். அதன்பிறகு குடும்பச் சனலுக்கு நேராகத் திருகிலும் உடலிலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பது என் வழக்கமாகிவிட்டது. இரண்டு பொட்டும் சேர்ந்தால் வீட்டுக்காரர் கேட்பார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஐபி67 என்று குறித்திருந்தால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று பொருள், தோணிக்காரருக்கு அதற்குக் குறைந்தது வேண்டாம். ஐபி54 மழைச் சாரலுக்கு மட்டும். வாவித் தண்ணீர் உப்பு. நனைந்த செற்றை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காமல் வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும் செம்புக் காலில் பச்சை பிடிக்கும். வாழைச்சேனைத் துறைமுகத்துப் படகுகளிலிருந்து வரும் செற்றுகளில் நான் பார்க்கும் நோயில் பெரும்பங்கு இதுதான். உள்ளே ஒன்றும் பழுதாகியிருக்காது, கால் அரித்திருக்கும். அரித்த காலை மாற்றிக் கொடுத்தால் அதே செற் இன்னும் பல மாரி தாண்டும்.

பெற்றரிக்கு வருவோம். விளம்பரத்தில் "20 மணித்தியாலம்" என்றால், நூறில் ஐந்து பங்கு நேரம் கதைத்து, ஐந்து பங்கு கேட்டு, தொண்ணூறு பங்கு சும்மா இருந்தால் என்று அர்த்தம். பயந்துபோன குடும்பம் அப்படிக் கதைக்காது. ஐந்து வாட்டில் பட்டனை அமத்தினால் ஒன்றரை அம்பியர் அளவில் இழுக்கும். 1500 மில்லி அம்பியர் பெற்றரிக்கு அது எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். சக்தியைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துக் கதையுங்கள், கேட்காவிட்டால் மட்டும் கூட்டுங்கள். வெள்ளக்காலத்தில் சூரியத் தகட்டை முழுதாக நம்ப முடியாது, நாலு நாள் வெயில் முகமே காட்டாமல் இருக்கும். கடையில் வாங்கும் சாதாரணப் பென்பெற்றரியைப் போட்டு ஓட்டக்கூடிய உறை அந்தச் செற்றுக்கு உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். பாவிக்காத மாதங்களில் பெற்றரியைப் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுதாக ஏற்றி அலுமாரியில் விட்டாலும், முற்றாக வடியவிட்டாலும் அடுத்த மாரிக்கு அது உங்களைக் கைவிடும்.

பெற்றரியைக் காப்பாற்ற ரேடியோ அறையில் கற்ற வழி நேரம் குறிப்பது. ஒவ்வொரு மணியும் தொடங்கும் முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் செற்றைப் போட வேண்டும், கூப்பிட வேண்டும், கேட்க வேண்டும். பிறகு நிறுத்திவிட வேண்டும். இப்படிப் பாவித்தால் ஒரு நாள் ஓடும் பெற்றரி பல நாள் ஓடும். அதைவிடப் பெரிய இலாபம் வேறு. பதில் வராத நேரத்திலும் மனம் பதறாது, அடுத்த மணிக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று தெரியும். சொல்லும் முறையையும் சொல்லிக் கொடுப்பேன். செற்றை இடுப்பில் வைத்துக் கதைக்காதீர்கள், உடம்பே அலையைக் குடித்துவிடும். முகத்துக்கு முன்னால் நேராகப் பிடித்து, பட்டனை அமத்தி, ஒரு மூச்சு விட்டுப் பிறகு கதையுங்கள், இல்லாவிட்டால் முதற்சொல் வெட்டுப்படும். முதலில் யாரைக் கூப்பிடுகிறீர்கள், பிறகு நீங்கள் யார், எங்கே நிற்கிறீர்கள், என்ன வேண்டும். அழுகை வந்தால் பட்டனை விட்டுவிட்டு அழுங்கள். நீங்கள் அமத்திப் பிடித்திருக்கும்வரை மறுபக்கத்தவர் உங்களுக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொரு தப்பான நம்பிக்கை. செற்றில் "தனிமைக் குறியீடு" என்று ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் மற்றவர்கள் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். அது மற்றவர் குரல் உங்கள் காதில் விழாமல் மறைக்கிறதே தவிர, உங்கள் குரலை யாரிடமிருந்தும் மறைப்பதில்லை. வீட்டில் ஆளில்லை, நகை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் சொல்லும் விஷயங்கள் அல்ல.

தனித்தனி வீடுகள் ஒவ்வொன்றும் அனுமதிக்கு அலைவதைவிட, ஒரு கிராமம் சேர்ந்து கேட்பதே இங்கே சரிவரும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். மீனவர் கூட்டுறவுச் சங்கம் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் உருவான அனர்த்தக் குழுக்கள் பிரதேச செயலகம் ஊடாகக் கேட்கலாம். ஒரே அலைவரிசை, எழுவான்கரையில் ஒரு உயரமான இடம், படுவான்கரையில் ஒரு உயரமான இடம், இரண்டிலும் பொறுப்பான ஆள். குடும்பங்களின் செய்தி அந்த இரண்டு பேர் வழியாகப் போகட்டும். ஆர்வமுள்ள பிள்ளைகள் ஆணைக்குழுவின் அமெச்சூர் பரீட்சைக்கு இருக்கட்டும். சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும், எச்.எஃப்பில் கொழும்போடு மட்டுமல்ல, கடல் தாண்டியும் கதைக்கலாம். ஆனால் அந்த அனுமதி பெற்றவருக்கு மட்டும். தகப்பனின் பத்திரத்தில் மகள் கதைக்க முடியாது.

இத்தனையும் கேட்டபிறகும் "எந்தச் சாமான்" என்று கேட்டால் சொல்கிறேன். மோட்டோரோலா, ஐகொம், கென்வூட் மூன்றும் என் மேசையில் நெடுங்காலம் உழைத்துக் காட்டியவை. விலை கூட, ஆனால் பெற்றரியும் உதிரிப்பாகமும் பல வருடம் கழித்தும் கிடைக்கும். கையில் காசு குறைவென்றால் இரண்டு நல்ல செற் போதும், நாலு மலிவுச் செற் வேண்டாம். அதற்கும் காசில்லாதவர்கள் பென்பெற்றரியில் ஓடும் ஒரு சாதாரண வானொலிப் பெட்டியை வாங்கி, 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கத்தை அதன் முதுகில் எழுதி ஒட்டுங்கள். வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சந்திப்பது என்று இன்றே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். செற் உள்ளவர்கள், மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு பின்னேரத்தில் ஒருவரை அக்கரைக்கு அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். வெயிலில் கேட்டது ஈர இலைக்குள்ளால் கேட்கிறதா, எந்த மூலையில் நின்றால் குரல் வெட்டுகிறது என்று குறித்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். அன்ரனாவை எங்கே கட்டுவது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.